நாடகத்துக்கு வாத்தியாரம்மா ஏன் இல்லை?

மார்ச் 27
உடுமலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "இன்று உலக நாடக நாள். எங்கள் ஊர் நூலகத்தில் நாடக அலமாரியை ஒரு மணி நேரம் புரட்டினேன். பெண் எழுதியது ஒன்றுகூட அகப்படவில்லை. கவிதையில் பெண்கள் இருக்கிறார்கள், சிறுகதையில், நாவலில் இருக்கிறார்கள். நாடகம் எழுதவும் இயக்கவும் மட்டும் ஏன் வருவதில்லை? ஆர்வம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மறுப்பவர்கள் நம் கொங்கு நாட்டிலிருந்து ஐந்து பெயர் சொல்லுங்கள்."

மார்ச் 27, இரவு
ஐந்து பெயர் எனக்கும் உடனே வரவில்லை. ஆனால் ஆர்வம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பல்லடம் பக்கம் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக ஆண்டுவிழா நாடகம் போடுகிறேன். "நான் எழுதட்டுங்களா டீச்சர்?" என்று முதலில் வந்து நிற்பது எப்போதும் பெண்பிள்ளைகள்தான். பையன்கள் "எனக்கு என்ன வேஷம்?" என்று வருவார்கள். எட்டாம் வகுப்பில் நாற்பது பக்க நோட்டை ஒரே வாரத்தில் நிரப்பியவள் இருபத்தைந்து வயதில் எங்கே போய்விடுகிறாள்? கேட்க வேண்டியது அதை.

மார்ச் 28
நேற்று அவசரத்தில் எழுதினேன். யோசித்துப் பார்த்தால் காரணம் பழையது. அந்தக் காலத்தில் பெண்களை மேடையே ஏறவிடவில்லை. சென்னையில் 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபாவில் பெண் வேடங்களையும் ஆண்களே போட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கியது பாலர் சபா. அதிலும் பையன்கள்தான் வள்ளி, பையன்கள்தான் பவளக்கொடி. மேடையே ஏறாதவள் மேடைக்கு எப்படி எழுதுவாள்?

மார்ச் 29
கொடுமுடிக்காரர் ஒருவர் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "எங்க ஊர் சுந்தராம்பாளை மறந்துட்டீங்களே டீச்சர்" என்று எழுதியிருக்கிறார். கும்பகோணம் பாலாமணி அம்மாளையும் சேர்த்து ஞாபகப்படுத்தினார். அவர் சொல்வது சரி. நான் எழுதியது தவறு, திருத்திக்கொள்கிறேன்.

பாலாமணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே முழுக்கப் பெண்களை வைத்துக் கம்பெனி நடத்தியவர். அவருடைய நாடகம் பார்க்க ரயிலேறி வந்தார்கள் என்று நாடக உலகத்தில் இன்றும் சொல்வார்கள். கொடுமுடியில் 1908-ல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் சிறுமியாக மேடையேறியவர். பெண் வேடம் மட்டுமில்லை, ராஜபார்ட் என்கிற ஆண் நாயகன் வேடமும் போட்டார். 1935-ல் வந்த படத்தில் நந்தனாராக நடித்ததும் அவர்தான். பின்னாளில் மேலவைக்கே போனார். ஆக, மேடையில் பெண் இல்லை என்ற பேச்சு நிற்காது.

மேடையில் இருந்தாள். அப்புறம் எது இல்லை?

மார்ச் 29, இரவு
தூக்கம் வரவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். கம்பெனி நாடகத்தில் எழுதிக் கொடுத்து, பாட்டுக் கட்டி, நடிக்கச் சொல்லிக் கொடுப்பவரை "வாத்தியார்" என்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் அப்படி ஒரு வாத்தியார். எழுதுவது, இயக்குவது இரண்டும் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். பெண் வேடத்துக்கு ஸ்திரீபார்ட் என்ற சொல் இருக்கிறது. நாடகத்துக்கு வாத்தியாரம்மா என்று யாரையாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் என்னை ஆயிரம் பேர் அப்படிக் கூப்பிட்டாயிற்று. ஒத்திகையில் ஒருவரும் கூப்பிட்டதில்லை.

காலியாக இருந்தது அந்த நாற்காலிதான்.

மார்ச் 31
ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றிக் கொடுமுடிக்காரர் இன்னொன்றும் சொன்னார், அதை விட மனசு வரவில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ஒரு ஊரிலிருந்து ராஜபார்ட், இன்னொரு ஊரிலிருந்து ஸ்திரீபார்ட், வேறெங்கிருந்தோ பபூன் வந்து சேர்ந்து விடிய விடிய நடிப்பார்கள். வள்ளி திருமணத்தில் வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் வரும். நாரதர் மடக்கிக் கேட்பார். வள்ளி நின்ற இடத்திலேயே பதில் கட்ட வேண்டும். கூட்டம் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பதிலை யார் எழுதியது? அவளேதான். நாடகம் எழுதுவது என்பதற்கு வேறென்ன பொருள்? காகிதத்தில் இல்லை, அவ்வளவுதான். கோழி கூவும்போது நாடகம் முடியும், அவள் கட்டிய தர்க்கமும் காற்றோடு போகும். நோட்டீசில் அவள் பெயருக்குக் கீழே "வள்ளியாக" என்று மட்டும் இருக்கும்.

ஆகவே உடுமலைக்காரருக்கு: உங்கள் நூலக அலமாரி அச்சானதை மட்டும்தான் காட்டும்.

ஏப்ரல் 2
எங்கள் அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு எனக்கு முடியாது.

காங்கேயம் பக்கம் அம்மாயி ஊர். கோயில் நோன்பு சமயத்தில் உடுக்கடிப் பாட்டுக்காரர்கள் வந்து அண்ணன்மார் கதை பாடுவார்கள். பாடுகிற இருவரும் ஆண்கள். ஒருவர் உடுக்கையோடு கதையை இழுத்துக்கொண்டு போவார், மற்றவர் பின்பாட்டு. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி, தாயார் தாமரை என்று நாள் கணக்கில் ஓடும். ஆண்கள் முன்னால் கயிற்றுக் கட்டிலிலும் பாயிலும் உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் திண்ணையில், தூணுக்குப் பின்னால்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். அம்மாயி மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். தாமரை குழந்தை வரம் கேட்டுத் தவம் போகிற இடம். பாடுகிறவர் ஒரு கட்டத்தில் தடுமாறினார். உடுக்கை மட்டும் அடித்துக்கொண்டே இருக்கிறது, சொல் வரவில்லை. அம்மாயி வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, குரலே உயர்த்தாமல் அந்த அடியை எடுத்துக் கொடுத்தது. பாட்டுக்காரர் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டுப் பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரி அது மூன்று தரம் நடந்தது. மூன்றாவது தரம் அவர் தடுமாறவே இல்லை. அவர் பாடியதைத்தான் அம்மாயி திருத்தியது. "தாமரை அழுதுட்டு நிக்க மாட்டா சாமி, கேட்டுட்டு நிப்பா" என்றது. அவரும் அழுகையை விட்டுவிட்டுக் கேள்வியாகப் பாடினார்.

அன்றைக்கு எனக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. முப்பது வருடம் கழித்து ஒத்திகையில் ஒரு பெண்பிள்ளையிடம் "அழாதே, கேள்" என்று நானே சொன்னபோதுதான் உடம்பு சிலிர்த்தது. ஒரு பாத்திரம் என்ன செய்வாள், செய்ய மாட்டாள் என்று தெரிந்து, நடத்துகிறவரிடம் ஒரே வரியில் சொல்லி, அதை நடக்கவும் வைத்தால் அதற்குப் பெயர் இயக்கம். அம்மாயி கைநாட்டு. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அதைச் செய்தது.

பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானுடவியல் ஆய்வாளர் 1960-களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, இந்தக் கதையைப் பாடச் சொல்லி ஒலிநாடாவில் பிடித்தார். அதனால் கதை பிழைத்தது. அதற்காக அந்த அம்மாவுக்கு என்றும் நன்றி. திண்ணையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்களின் குரல் எந்த நாடாவிலாவது விழுந்திருக்குமா என்று எனக்கு ஓர் ஆசை.

ஏப்ரல் 3
"அம்மாயி கதை அருமை, ஆனால் அது நாடகம் இல்லையே" என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். உடுக்கையும் கூத்தும், அண்ணன்மார் போரில் விழுவதை நடித்துக் காட்டும் படுகளமும் நாடகம் இல்லை என்றால் நம் பக்கம் நாடகமே கிடையாது.

ஏப்ரல் 6
ஒத்திகை நேரத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று ஒருவருக்குச் சொல்லியிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், ஊர் ஊராக எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கக் காலம். திருப்பூர் அப்போது கோவை மாவட்டத்தில் இருந்தது. கலைப்பயணக் குழுவில் பதினான்கு பேர், மூன்று பேர் பெண்கள். எனக்குப் பத்தொன்பது வயது. ஒத்திகை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும். ஏழரை மணி டவுன் பஸ்ஸை விட்டால் எங்கள் ஊருக்கு அடுத்த வண்டி இல்லை. அதனால் ஏழேகாலுக்கு நாங்கள் மூவரும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம்.

மறுநாள் போனால் மூன்றாம் காட்சி மாறியிருக்கும். எனக்கு இருந்த நாலு வசனம் இரண்டாகியிருக்கும், அல்லது இல்லாமலே போயிருக்கும். "யாருங்கண்ணா மாத்துனது?" என்று கேட்டால், "நேத்து ராத்திரி டீக்கடையில பேசிட்டிருந்தோம் அம்மிணி, அப்படியே வந்துருச்சு" என்பார்கள். பொய் இல்லை, வஞ்சகமும் இல்லை. அவர்கள் நல்ல அண்ணன்கள். பஸ் ஏற்றிவிட ஒருவர் கூடவே வருவார். ஆனால் நாடகம் திருந்தியது டீக்கடையில். நாங்கள் போனபின் பதினொரு மணி வரை பாய்லர் பக்கத்தில் நின்று பேசிப் பேசித்தான் அது நாடகமாயிற்று. அந்தப் பேச்சுக்கு எங்களுக்குப் பஸ் இல்லை.

ஐந்து பெயரை அந்த ஏழரை மணி வண்டியில்தான் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாவல் எழுத அடுப்படி மேடை போதும், பின்னிரவு போதும். நாடகம் அப்படி இல்லை. பத்துப் பேரை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும், அவர்களை அதட்ட வேண்டும், வீட்டுக்கு நேரம் கழித்துப் போக வேண்டும். கவிதையில் இருக்கிறார்களே, நாடகத்தில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இது.

ஏப்ரல் 7
கோவையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறாள்: "அக்கா, இப்போ ஸ்கூட்டி இருக்குங்களே, பஸ்ஸுக்கு என்ன கவலை?" ஸ்கூட்டி இருக்கிறது. வீட்டில் கதவைத் திறந்துவிடுகிறவர் முகமும் இருக்கிறதே கண்ணு.

ஏப்ரல் 10
வை.மு. கோதைநாயகி அம்மாளை யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொங்கு நாட்டவர் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். நூற்றுக்கு மேல் நாவல் எழுதியவர் என்று அவரைத் தெரியும். அவர் முதலில் எழுதியது ஒரு நாடகம், 'இந்திர மோகனா', 1924-ல் வந்தது. சரளமாக எழுத வராத காலத்தில், அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினாராம். அப்புறம் நாவல் பக்கம் போய்விட்டார். முதல் கால் வைத்தது நாடகத்தில்தான் என்பதை அலமாரி புரட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏப்ரல் 11
போட்டிக் கதையைச் சொல்லச் சொல்லி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சரி.

பன்னிரண்டு வருடம் முந்தி ஓர் அமைப்பு நாடகப் போட்டி அறிவித்தது. ஊரும் பெயரும் வேண்டாம். இனிஷியலும் ஊர்ப்பெயரும் மட்டும் போட்டு அனுப்பினேன். மில் விடுதியில் மூன்று வருட ஒப்பந்தத்தில் தங்கி வேலை பார்த்த ஒரு பெண்ணின் கதை. ஒப்பந்தம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தொகை தருவதாகச் சொல்லிச் சேர்ப்பார்களே, அந்தச் சுமங்கலித் திட்டம். நம் பக்கம் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். முதல் பரிசு என்று கடிதம் வந்தது, "திரு" போட்டு. நேரில் போனபோது என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, "ஐயா வரலீங்களா?" என்றார்கள்.

பிறகு மேடையேற்றப் போவதாகச் சொன்னார்கள். "உங்களுக்கு எதுக்கு சிரமமுங்க, நம்ம பசங்க பார்த்துக்குவாங்க" என்று நாடகத்தை இன்னொருவரிடம் கொடுத்தார்கள். நான் எழுதிய கடைசிக் காட்சியில், அந்தப் பெண் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து விரல் விட்டுக் கணக்குப் பார்ப்பாள். பிடித்தம், மெஸ், லீவு போட்ட நாள் எல்லாம் கழித்து ஒரு தொகையைச் சொல்வாள். விளக்கு அணையும். அவ்வளவுதான். மேடையில் நான் பார்த்தபோது விளக்கு அணையவில்லை. நாதஸ்வரம் வந்தது. அவளுக்குக் கல்யாணம் நடந்தது. கூட்டம் கை தட்டியது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தத் தொகையைக் கத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஏப்ரல் 13
நேற்று முன்தினம் எழுதியதில் ஒன்றை மறைத்துவிட்டேன். அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. "நீங்களே இயக்கறீங்களா?" என்று அவர்கள் ஒரு தரம் கேட்டார்கள். தினமும் ராத்திரி எட்டு முதல் பதினொன்று வரை, மூன்று வாரம், ஒரு கல்யாண மண்டபத்தில் ஒத்திகை. என் மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. "இல்லீங்க, நீங்களே பார்த்துக்கோங்க" என்று என் வாயால்தான் சொன்னேன். நேரத்தை மாற்ற முடியுமா என்று நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. ஒருவரும் பிடுங்கவில்லை, நாடகம் மட்டும் கை மாறிவிட்டது.

ஏப்ரல் 14
புத்தாண்டு வாழ்த்துகள். பச்சடி கிண்டிக்கொண்டே அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையைப் பற்றிப் படித்தேன். 2009-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவி எமிலி கிளாஸ்பர்க் சாண்ட்ஸ் செய்தது. சில நாடகப் பிரதிகளை, பாதிக்கு ஆண் பெயரும் பாதிக்குப் பெண் பெயரும் போட்டு, நாடெங்கும் உள்ள நாடக அரங்குகளுக்கு அனுப்பினார். பிரதி அதேதான். பெண் பெயர் போட்டதற்கு மதிப்பெண் குறைந்தது. குறைத்தவர்கள் பெரும்பாலும் படித்துப் பார்த்த பெண்களே.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு நெஞ்சு கனத்துக் கிடக்கிறது. வட்டார அளவில் பள்ளி நாடகங்களுக்கு நான் ஐந்தாறு முறை நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு முறை ஒரு பெண்பிள்ளை எழுதிய நாடகம் வந்தது. அம்மாவும் மகளும் ஒரு சேலையை ஆளுக்கு ஒரு முனை பிடித்து மடிக்கிறார்கள், மடித்து முடிப்பதற்குள் ஒரு முழுச் சண்டை நடந்து தீர்கிறது. பார்க்கும்போதே தொண்டை அடைத்தது. இருந்தும் இரண்டாம் பரிசுதான் கொடுத்தேன். குறிப்பில் "வீட்டுக்குள்ளேயே நடக்கிறது" என்று எழுதினேன். முதல் பரிசு கட்டபொம்மனுக்குப் போனது. பையன் நன்றாகத்தான் கத்தினான். இன்று கேட்டால் சேலைக்குத்தான் கொடுப்பேன். அந்தப் பிள்ளை இதைப் படிக்க நேர்ந்தால், அது என் பிழை, உன் நாடகத்தில் குறையில்லை.

ஏப்ரல் 15
"வெளிநாட்டிலேயாவது நிலைமை பரவாயில்லையா?" என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்க நாடகாசிரியர்கள் 2015-ல் வெளியிட்ட கணக்குப்படி, மூன்று நாடகப் பருவங்களில் மேடையேறியவற்றில் பெண்கள் எழுதியது 22 சதவீதம். அங்கே நாடகத்துக்காக 1947-ல் தொடங்கிய டோனி விருது, இயக்கத்துக்காக ஒரு பெண்ணுக்குப் போனது 1998-ல்தான். அந்த ஒரே வருடத்தில் கேரி ஹைன்ஸ், ஜூலி டேமர் இருவருமே வாங்கினார்கள். இதற்கு மேல் அந்தப் பக்கம் போக எனக்கு விருப்பமில்லை. நம் கதையே தீரவில்லை.

ஏப்ரல் 19
வள்ளி கும்மி. இதை யாராவது எடுப்பீர்கள் என்று காத்திருந்தேன்.

மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆண்கள் ஆடி வந்த வள்ளி கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர். இன்று கொங்கு நாட்டில் எந்தத் திடலைப் பார்த்தாலும் நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் ஆடுகிறார்கள். ஐம்பது வயது வரை மாடு கன்றைத் தவிர எதையும் பார்க்காத எங்கள் பெரியம்மா, சலங்கை கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் ஆடியதை என் கண்ணால் பார்த்தேன். முட்டி வலி எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தச் சந்தோசத்தைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் அன்றும் மைக் ஓர் ஆணிடம்தான் இருந்தது. பாட்டு எப்போது வேகம் எடுக்கும், வட்டம் எப்போது உடையும், வள்ளி எப்போது வாய் திறப்பாள் என்பதெல்லாம் அவர் கையில். ஆடியவர்கள் எண்பது பேர். இடைவேளையில் பெரியம்மாவிடம், "நீங்க ஒரு பாட்டு எடுத்து விடலாமே" என்றேன். "எனக்கு முழுப்பாட்டும் தெரியும் கண்ணு, ஆரு கேக்கறாங்க?" என்றது. வள்ளியைப் பற்றிய பாட்டு அது.

ஏப்ரல் 20
"மேடையில் ஔவையே ஆண்தானே" என்று நேற்று ஒருவர் எழுதியது நினைவிலேயே நிற்கிறது. டி.கே. சண்முகம் ஔவையாராக வேடம் போட்டுப் போட்டு ஔவை சண்முகம் ஆனார். நல்ல நடிகர், ஐயமில்லை. ஈரோட்டில் 1944-ல் நடந்த நாடக மாநாட்டுக்கும் அவரும் அவர் சகோதரர்களுமே முன்நின்றார்கள். நம் மனதில் இருக்கும் ஔவை கோலூன்றிய கிழவி. கவிஞர் இன்குலாப் எழுதி அ. மங்கை என்ற பெண் இயக்கிய 'ஔவை'யில் அவள் இளம் பாணர்குலப் பெண், கள் குடிப்பாள், அரசனோடு சமமாக நிற்பாள். சங்கப் பாட்டில் இருப்பவள் அவள்தான். இயக்குகிற நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தால் என்ன மாறும் என்று கேட்டீர்களே, கிழவிக்கு வயது குறைகிறது.

ஏப்ரல் 24
உடுமலைக்காரர் விடவில்லை, ஐந்து பெயர் எங்கே என்கிறார். கேட்க வேண்டியதுதான்.

அம்பை 1944-ல் கோவையில் பிறந்தவர். சிறுகதைக்காரர் என்றுதான் அறிவோம். 'ஆற்றைக் கடத்தல்' என்று நாடகமும் எழுதியிருக்கிறார். நாமக்கல் பக்கம் பிறந்த திருநங்கை அ. ரேவதி தன் வாழ்க்கையை 'வெள்ளை மொழி' என்று எழுதி, அதைத் தானே தனியாள் நாடகமாக மேடையில் நிகழ்த்தினார். சொந்தக் கதையை யாரும் திருத்தி நாதஸ்வரம் வைக்க முடியாதபடி செய்தவர். மூன்றாவதாகச் சுந்தராம்பாளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வள்ளியின் தர்க்கத்தை எழுத்து என்று நான்தானே சொன்னேன், சேர்க்கிறேன். நான்காவது என் அம்மாயி. நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் சரி.

ஐந்தாவது இடத்தில் பெயர் எழுதவில்லை.

மே 4
இடையில் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. எழுத முடியவில்லை.

ஏப்ரல் கடைசியில் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வந்ததால் கண்ணெல்லாம் சிவந்திருந்தது, தலைமுடியில் பஞ்சு. சேலை மடிக்கிற நாடகம் எழுதியவள் அவள் இல்லை, எழுதியவளின் தோழி, அன்று அம்மாவாக நடித்தவள். இங்கே போட்டிருந்த குறிப்பை அவள்தான் அந்தப் பிள்ளைக்குப் படித்துக் காட்டினாளாம். "அவ சிரிச்சாங்க டீச்சர். அந்த நோட்டு இன்னும் வெச்சிருக்கா. நாங்க நாலு பேர் போடலாம்னு இருக்கோம், எப்பப் போடறதுன்னுதான் தெரியல" என்றாள்.

சனிக்கிழமை சம்பளம், சந்தைச் செலவு, ஒன்றும் ஓடாது. ராத்திரி நேரம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். ஞாயிறு காலை பத்து முதல் ஒன்று வரை. எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் தறிக்குடோனில் ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது, சாவி தருகிறேன் என்கிறார். எண்ணெய் வாசம் வரும், பரவாயில்லை. குழந்தைகளைக் கூட்டி வரலாம், பெரியம்மா பார்த்துக்கொள்ளும், பாட்டும் எடுத்து விடும். டீயும் அங்கேயே போட்டுக்கொள்வோம். மாற்றுகிறதை எல்லோரும் இருக்கும்போதே மாற்றுவது என்று பேச்சு.

முதல் ஒத்திகை மே 11. இயக்குவது நோட்டு வைத்திருப்பவள், நான் இல்லை. வருகிறவர்கள் ஒரு பாயும், மடிக்க ஒரு பழைய சேலையும் கொண்டு வாருங்கள்.